கப்டன் பிராஸ் ஏன் ஆணை தர மறுக்கிறார்?

கேள்வி: தடயங்களை ஆராய்ந்து கொலையாளியைக் கண்டுபிடிக்கும் சி.எஸ்.ஐ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தவன் நான். அதை வைத்து 2003 இல் வந்த கணினி விளையாட்டின் பழைய சீடி ஒன்று கிடைத்தது. முதல் வழக்கிலேயே இறுகிப்போய் நிற்கிறேன். கொலைகாரன் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் வரும் பொலிஸ் அதிகாரி கப்டன் பிராஸ் தேடுதல் ஆணை தரமாட்டேன் என்கிறார். முழுத் தீர்வும் யூடியூபில் கிடக்கிறது. பார்த்து முடித்தால் என்ன? இன்னொன்று, நண்பனின் புது மடிக்கணினியில் இதே சீடி ஓடவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்ததுதான் தம்பி உங்களுக்கு வந்த வினை. 2000 இலிருந்து 2015 வரை ஓடிய தொடர் அது. விளம்பரம் போக முக்கால் மணித்தியாலத்துக்குள் கதையை முடித்தாக வேண்டும். ஆகவே தொடக்கத்தில் சும்மா வந்து தலையைக் காட்டிவிட்டுப் போன ஆள் மேல் கண் வைக்கப் பழகிவிட்டீர்கள். ரிவிக்கு அந்தக் கண் போதும். விளையாட்டுக்கு உங்கள் ஊகம் ஐந்து சதம் பெறாது. அது சங்கக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. பற்றுச்சீட்டு இருந்தால் பணம், இல்லையென்றால் நாளைக்கு வா.

பிராஸ் கேட்பதும் பற்றுச்சீட்டைத்தான். தடயத்தை எடுத்துப் பைக்குள் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பாதிப்பேர் நிற்பது அந்த இடத்தில்தான். எடுத்ததை ஆய்வுகூடத்தில் இருக்கும் ஆய்வாளர் கிரெக் சாண்டர்ஸிடம் கொடுத்து முடிவு வாங்க வேண்டும். அந்த முடிவு குறிப்பிட்ட ஒரு ஆளையோ இடத்தையோ தொட வேண்டும். அதன் பிறகுதான் ஆணை. கட்டில் விரிப்பில் எடுத்த மாதிரியிலிருந்து டி.என்.ஏ. கிடைத்தது, ஆனால் யாருடையது என்று தெரியவில்லை என்றால் அது இன்னும் ஆதாரமில்லை, வெறும் கேள்வி. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சந்தேகநபரின் மாதிரி வேண்டும். விரலடையாளத்துக்கும் இதே கதைதான். ஆகவே கிரெக் ‘பொருத்தமில்லை’ என்றால் அந்தத் தடயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். புதிதாக ஒருவரின் மாதிரி கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் பழையதோடு வைத்துப் பாருங்கள்.

ஒரு கொப்பித் தாளை எடுத்து முக்கோணம் ஒன்று கீறுங்கள். ஒரு மூலையில் இறந்தவர், ஒரு மூலையில் சம்பவ இடம், மற்றதில் சந்தேகநபர். கையிலுள்ள ஒவ்வொரு தடயமும் எந்த இரண்டு மூலையைத் தொடுக்கிறது என்று அந்தக் கோட்டின் மேல் எழுதுங்கள். ஆளுக்கு ஒரு முக்கோணம். எட்மொன் லோக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் 1910 இல் லியோன் நகரில் தடயவியல் ஆய்வுகூடம் தொடங்கியவர். ஒன்றோடொன்று தொட்டால் இரண்டிலும் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு போகும் என்பது அவருடைய அடிப்படை. இந்த விளையாட்டு முழுக்க அதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் ‘தெரியும்’ என்று சொல்லும் அந்த ஆளுக்கும் சம்பவ இடத்துக்கும் நடுவிலுள்ள கோடு வெறுமையாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். இறந்தவரோடு சண்டை பிடித்தார் என்ற கதை மட்டும்தான் உங்களிடம் இருக்கும். கதைக்கு ஆணை கிடையாது.

இனிக் கருவிகள். இங்கே ஊகமும் வேண்டாம், எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் குரங்குச் சேட்டையும் வேண்டாம். முதலில் பொருள் எதனால் ஆனது என்று பாருங்கள். கண்ணாடி, பளிங்கு, பூச்சுப் பூசிய கதவு என்றால் விரலடையாளத் தூள். வியர்வையும் எண்ணெய்ப்பசையும் மேலே நிற்பதால் தூள் அதில் ஒட்டும். கடதாசி வியர்வையை உறிஞ்சிவிடும். தூள் அங்கே பெரிதாக உதவாது. அதற்குத்தான் நின்ஹைட்ரின் என்ற இரசாயனம். வியர்வையிலுள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறமாகும். நிசத்தில் அந்த ஊதா தெளிவாக எழும்ப மணிக்கணக்காகும். சூடும் ஈரப்பதனும் கொடுத்தால் விரைவாகும். ரிவியிலோ ஒரு வசனம் பேசி முடிப்பதற்குள் வந்துவிடும். முடி, நூலிழை என்றால் இடுக்கி. ஈரமும் காய்ந்த கறையும் என்றால் பஞ்சுக்குச்சி.

இரத்தத் தடம் தேடத் தெளிக்கும் லுமினோல் என்ற இரசாயனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்; ரசிகர்கள் அதைக் கோயில் தீர்த்தம் போல எங்கும் தெளிக்கிறார்கள். இரத்தத்தின் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு அந்த வேதிவினையைத் தூண்டும். இருட்டில் நீலமாக ஒளிரும், அரை நிமிடமளவில் மங்கிவிடும். கழுவித் துடைத்த இரத்தத்தைக் காட்டிக்கொடுப்பதுதான் அதன் வேலை. கண்ணுக்குத் தெரிகிற இரத்தத்தின் மேல் அதை அடிப்பது வீண். இருக்கிற கறையையும் நீர்த்துப்போகச் செய்வீர்கள். தெரியும் கறையைப் பஞ்சில் எடுத்துவிட்டு, துடைத்த தடம் போலத் தோன்றும் தரை, குளியலறைத் தொட்டி, காரின் பின்பெட்டி ஆகியவற்றில் மட்டும் அடியுங்கள். ஒளிர்ந்தால் உடனே இரத்தம் என்றும் எழுதிவிடாதீர்கள். கிணற்றுக்குப் போடுகிறோமே பிளீச்சிங் பவுடர், அதுவும் ஒளிரும். செம்புச் சேர்மானமும் ஒளிரும். அம்மம்மாவின் செம்புக்குடத்தில் அடித்துவிட்டுக் கொலை நடந்தது என்று கத்தலாம். அதனால்தான் லுமினோல் காட்டிய இடத்திலிருந்தும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒளிர்ந்ததைப் பார்த்த மகிழ்ச்சியில் அந்த மாதிரியை எடுக்காமல் வெளியே வந்துவிடுவது வழமையான பிழை. நீங்களும் ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.

விரலடையாளத்தைக் கண்ணால் ஒப்பிட வேண்டி வந்தால் முழுப் படத்தையும் முறைத்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வில், கொக்கி, சுழல் என்று மூன்று வகை. வகை வேறானால் அங்கேயே கழித்துவிடலாம். அதிகமானோருக்கு இருப்பது கொக்கிதான். இரண்டும் கொக்கி என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. பிறகுதான் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்று பார்ப்பது.

யூடியூப் கதைக்கு வருவோம். விடையைப் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் செய்யப் போவதில்லை. அதில் வேறு வில்லங்கம் இருக்கிறது. இந்தவகை விளையாட்டில் கதவுகள் வரிசையாகத்தான் திறக்கும். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டால்தான் புது இடம் வரைபடத்தில் ஏறும். காணொளியில் ‘இந்த அலுமாரியைத் திற’ என்கிறார்கள். நீங்கள் அதற்கு முன்னுள்ள உரையாடலைத் தாண்டி ஓட்டியிருப்பீர்கள், அலுமாரி உங்களுக்கு அசையாது. பிறகு சீடி பழுது என்று எங்களுக்குக் கடிதம் வரும். கூட வரும் துப்பறிவாளரிடம் உதவி கேட்கலாம், ஆனால் அதற்கு வழக்கு முடிவில் தரும் மதிப்பீட்டில் வெட்டு விழும். கேட்பதற்கு முன் எல்லோரிடமும் எல்லாக் கேள்வியும் கேட்டாயிற்றா என்று பாருங்கள். டொக்டர் றொபின்ஸின் பிரேத அறைக்கும் இரண்டாந்தரம் போங்கள். புதுத் தடயம் கிடைத்த பிறகு பழைய ஆட்களிடம் புதுக் கேள்வி முளைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இதை விளையாடிவிட்டு ஊர் வழக்குகளில் ‘இன்னும் டி.என்.ஏ. வரவில்லையா’ என்று பொலிஸாரை ஏசாதீர்கள். கிரெக்கின் ஆய்வுகூடம் கொடுத்த கையோடு முடிவு தரும். இங்கே சட்ட வைத்திய அதிகாரி எடுத்த மாதிரி முத்திரையிட்டு, நீதிமன்ற உத்தரவோடு, பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போய், வரிசையில் நின்று, அறிக்கையாகி யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும்.

நண்பரின் மடிக்கணினி: அந்தக்காலச் சீடி விளையாட்டுகள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருந்தது. அதற்கு வேண்டிய நிரலைப் பாதுகாப்புக் காரணத்தால் 2015 இல் விண்டோஸ் 10 கைவிட்டது. உங்கள் சீடியில் அந்தப் பூட்டு இருந்தால் எந்த அமைப்பை மாற்றினாலும் ஓடாது. விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினிதான் கதி. பூட்டு இல்லையென்றால் விளையாட்டுக் கோப்பில் வலது சொடுக்கு, பண்புகள், பொருந்துநிலை, அதில் விண்டோஸ் எக்ஸ்பி என்று தெரிவு செய்து, நிர்வாகியாக இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து வழக்கையும் முடித்தால் அடுத்தது 2004 இல் வந்த ‘டார்க் மோட்டிவ்ஸ்’. உங்கள் சீடியிலுள்ள விளையாட்டைச் செய்த அதே நிறுவனம் செய்தது, பழகிய கை. 2006 இல் பொறுப்பு டெல்டேல் நிறுவனத்துக்குப் போய் எல்லாம் முப்பரிமாணமானது. அங்கே எடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். அடிப்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.