மில்ஃபோர்டில் மழை பெய்தால் பணம் வீணா?

நியூசிலாந்தின் தென்தீவில், ஃபியோர்ட்லாந்து தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது மில்ஃபோர்டு சவுண்ட். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து, இருபுறமும் செங்குத்தாக மலை நிற்கும் சுமார் 15 கி.மீ. நீளமுள்ள ஃபியோர்டு. அங்கே ஒரு நாள் பயணமும் படகுச் சவாரியும் போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் பயணக் குழுவின் பதில்கள்.

கே: குவீன்ஸ்டவுனிலிருந்து பெரிய பேருந்தில் போக ஒரு கட்டணம், ‘பிரீமியம் ஸ்மால் குரூப்’ என்றால் அதைவிட ரொம்பவே அதிகம். கடைசியில் ஏறப்போவது படகில்தானே, எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? (கோவை வாசகர்)

படகு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். கூடுதல் பணம் சாலைக்கும் நேரத்துக்கும்தான். வழியில் வரும் தே அனாவ் ஊரிலிருந்து மில்ஃபோர்டுக்குச் சுமார் 120 கி.மீ. இந்தப் பயணத்தில் பாதி அழகு அந்தச் சாலையில்தான் இருக்கிறது. ஐம்பது பேர் உள்ள பேருந்து ஓரிடத்தில் நின்றால் எல்லாரும் இறங்கி ஏறவே கால் மணி நேரம் போய்விடும். அதனால் நிறுத்தங்களைக் குறைத்துவிடுவார்கள். பன்னிரண்டு பதினைந்து பேர் உள்ள வேன், பேருந்து ஒதுங்க முடியாத சின்னத் திருப்பங்களில்கூட நிற்கும். மேகம் விலகி ஒரு சிகரம் தெரிந்தால் ஓட்டுநர் சட்டென்று ஓரங்கட்டலாம்.

அடுத்தது படகு நேரம். குவீன்ஸ்டவுனில் காலையில் கிளம்பும் பேருந்துகள் எல்லாம் உச்சிவேளையையொட்டி ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். 11 மணியிலிருந்து 2 மணி வரை படகுத்துறையில் கூட்டம் நெரியும். தே அனாவிலிருந்து கிளம்பும் சிறிய வேன் அதற்கு முந்தைய படகையோ, கூட்டம் கலைந்த பிந்தைய படகையோ பிடிக்கலாம். ‘பிரீமியம்’ என்று போட்டுவிட்டு நண்பகல் படகில் ஏற்றிவிடும் பயணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்: வேனில் அதிகபட்சம் எத்தனை பேர், எந்தப் படகு, அதில் எத்தனை பேர் ஏறுவார்கள், படகு புறப்படும் நேரம் என்ன, வழியில் நடக்க நேரம் உண்டா, சாப்பாடு சேர்த்தியா. ஆள் எண்ணிக்கைக்கு ‘வழக்கமாக இத்தனை பேர்’ என்று பதில் வந்தால் விடாதீர்கள். உச்சவரம்பை எழுத்தில் கேளுங்கள். சாலையில் மட்டும் சின்னக் குழுவாக வைத்து, துறைக்குப் போனதும் பெரிய படகில் கலந்துவிடுவது சகஜம். தப்பில்லை, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கே: குவீன்ஸ்டவுனில் நான்கு நாள் அறை போட்டுவிட்டோம். அங்கிருந்தே ஒரே நாளில் போய் வரலாமா? (சென்னை வாசகி)

வரலாம், உடம்பு வலிக்கும். வரைபடத்தில் இரண்டு இடங்களும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். இடையில் மலை இருப்பதால் சாலை தெற்கே இறங்கித் தே அனாவ் வழியாகச் சுற்றுகிறது. ஒரு வழிக்கு மட்டும் சுமார் 290 கி.மீ., நிற்காமல் போனாலே ஏறக்குறைய நாலு மணி நேரம். படகையும் நிறுத்தங்களையும் சேர்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரப் பயணம். திரும்பி வரும்போது முக்கால்வாசிப் பேர் தூக்கத்தில்தான் இருப்பார்கள்.

நாலு இரவில் இரண்டைத் தே அனாவுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். குவீன்ஸ்டவுனிலிருந்து அது சுமார் 170 கி.மீ., இரண்டேகால் மணி நேரம். பயணத்தை அங்கே தங்கும் முதல் முழு நாளில் வையுங்கள். வானிலையால் ரத்தானால் மறுநாள் கையில் இருக்கும். மாற்றவே முடியாது என்றால், போக வேன், வர சிறிய விமானம் என்ற ஏற்பாடு உண்டு. பறக்கும் நேரம் நாற்பது நிமிடத்துக்குள்தான். ஆனால் மேகம் தாழ்ந்தால் முதலில் நிற்பது விமானம்தான். அப்போது சாலையில் திரும்ப இடம் தருவார்களா, மிச்சப் பணம் வருமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நாங்கள் போகும் வாரம் முழுக்க மழை என்கிறது வானிலை அறிக்கை. ரத்து செய்துவிடலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வருடத்தில் பாதி நாள் மழைதான். தாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக மலையில் முட்டி மேலெழும்புவதே காரணம். அந்தப் பாறைச் சுவர்களில் தண்ணீரைப் பிடித்து வைக்க மண்ணே கிடையாது. மழை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான அருவிகள் இறங்கும். மழை விட்ட சில மணி நேரத்தில் பலதும் நின்றுபோகும். வறண்ட நாளில் பெரிய அருவிகள் என்று மிஞ்சுவது இரண்டுதான்: துறைக்குப் பக்கத்தில் சுமார் 160 மீட்டர் உயர போவன் அருவி, உள்ளே தள்ளி சுமார் 150 மீட்டர் உயர ஸ்டர்லிங் அருவி. நீல வானத்தில் 1,683 மீட்டர் மைட்டர் சிகரம் முழுசாகத் தெரியும். மழையில் சிகரம் மறையும், அருவி கிடைக்கும். எங்களைக் கேட்டால் அருவிதான்.

மரம் இல்லாமல் உரித்தாற்போல வெளிறிய நீளக் கீற்றுகளை அந்தச் சுவரில் பார்ப்பீர்கள். அங்கே மரங்கள் பாறைமேல் படர்ந்த பாசியில் வேரோடி, ஒன்றன் வேரை ஒன்று பின்னிக்கொண்டு நிற்கின்றன. கனமழையில் ஊறி ஒரு மரம் பிடி விட்டால், கீழே உள்ள அத்தனையையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் போய் விழும். சுவர் மீண்டும் பச்சையாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மழைநீர் கடலுக்கு மேலே தனி அடுக்காக மிதக்கும். காட்டு இலைச் சாயம் இறங்கி அது தேநீர் நிறத்தில் இருப்பதால் வெளிச்சம் ஆழத்துக்குப் போகாது. வேறு இடங்களில் வெகு ஆழத்தில் வாழும் கருப்புப் பவளம் இங்கே பத்து மீட்டரிலேயே வளர அதுதான் காரணம்.

குடையை நம்பிப் போகாதீர்கள், படகின் திறந்த தளத்தில் (டெக்) அடிக்கும் காற்றில் ஒரு நிமிடம் தாங்காது. தலைமூடியுள்ள மழைக்கோட்டு, முடிந்தால் மழைக்கால்சட்டை, மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, கேமரா கண்ணாடி துடைக்க இரண்டு மூன்று துணி. ஸ்டர்லிங் அருவிக்கு அடியில் படகின் முகப்பைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். முன்னால் நிற்பவர்கள் தெப்பலாக நனைவார்கள்; அதற்கென்றே நிற்பவர்களும் உண்டு.

கே: அப்படியானால் பயணம் ரத்தாவதே இல்லையா? ஜூலையில் போகிறோம். (பெங்களூர் வாசகர்)

சாதாரண மழைக்கு ரத்தாகாது. சாலை மூடினால் ரத்தாகும். அங்கே ஜூலை பனிக்காலம்; ஜூன் முதல் நவம்பர் வரை மேலே பனிச்சரிவு அபாயம். சரிவு தானாக வரும்வரை காத்திராமல், சாலையை மூடிவிட்டு ஹெலிகாப்டரிலிருந்து வெடி போட்டுப் பனியைக் கீழே தள்ளுவார்கள். அரை நாளும் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். பலகை நிற்கக்கூடாது என்று சொல்லும் பகுதியில் படம் எடுக்கக்கூட வண்டியை நிறுத்தக்கூடாது.

மலையைத் துளைத்துப் போகும் ஹோமர் சுரங்கம் சுமார் 1.2 கி.மீ. வேலை 1935-இல் தொடங்கி, இடையில் போரால் நின்று, 1954-இல்தான் வாகனங்களுக்குத் திறந்தது. உள்ளே பூச்சு இல்லாத பாறை, சொட்டும் தண்ணீர், மில்ஃபோர்டு பக்கமாக பத்துக்கு ஒன்று என்ற இறக்கம். கோடையில் சிக்னல் போட்டு ஒருவழியாக விடுவதால் வாயிலில் கால் மணி நேரம்வரை காத்திருக்க நேரும். பனிக்காலத்தில் வண்டிகளை வரிசையில் நிறுத்துவதே ஆபத்து என்பதால் அந்த சிக்னலை அணைத்துவிடுவார்கள்.

ஜூலையில் நீங்களே ஓட்டிப் போவதானால் டயர் சங்கிலி கையில் இருக்க வேண்டும், மாட்டத் தெரிந்திருக்கவும் வேண்டும். பனியில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றே: வேனில் போங்கள். பனிக்காலத்தில் மழை குறைவு, தெளிந்த நாள் அதிகம். ஆனால் சூரியன் எட்டரை மணிவாக்கில் உதித்து ஐந்து மணிக்கெல்லாம் மறைவதால், குவீன்ஸ்டவுன் பயணத்தில் போகும் வழியும் வரும் வழியும் பாதி இருட்டு. ரத்து விதியில் ‘முழுப் பணம் திரும்பும்’ என்றும் ‘வேறு தேதி தரப்படும்’ என்றும் இரண்டு வகை உண்டு. மறுநாள் விமானம் ஏறுகிறவருக்கு வேறு தேதியால் பயனில்லை.

கே: அம்மாவுக்கு 72 வயது, மூட்டுவலி, காரில் போனாலே குமட்டும். புடவைதான் கட்டுவார். கடல் அலை தாங்குமா? (ஆக்லாந்து வாசகி)

கடலைவிட சாலைதான் அம்மாவைப் படுத்தும். ஃபியோர்டுக்குள் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். படகு ஃபியோர்டின் வாய்வரை போய்த் தாஸ்மன் கடலில் மூக்கை நீட்டித் திரும்பும் சில நிமிடம் ஆடும், அப்போது உள்ளே உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோமர் சுரங்கத்தைத் தாண்டியதும் கொண்டைஊசி வளைவுகள். மருத்துவரைக் கேட்டு, குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள். தலை சுற்றத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பலனில்லை. காலையில் கனமான சாப்பாடு வேண்டாம், வெறும் வயிறும் கூடாது. வேனில் முன்வரிசை இருக்கையைப் பதிவின்போதே கேளுங்கள்.

வேன் படி உயரமாக இருக்கும், மிதிப்பலகை உண்டா என்று கேளுங்கள். துறையில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து படகு முனையத்துக்குப் பத்து நிமிட நடை உண்டு. சுற்றுலா வேன் வாசலருகே இறக்கிவிடுமானால் மூட்டுவலிக்காரருக்கு அதுவே பெரிய உதவி. கழிப்பறைக்குத் தே அனாவ்–மில்ஃபோர்டு சாலையில் வரும் நாப்ஸ் ஃப்ளாட் நிறுத்தத்தை விட்டால் அடுத்து மில்ஃபோர்டு பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புடவைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ், மேலே முந்தானை பறக்காதபடி மழைக்கோட்டு, காலில் பிடிப்புள்ள ஷூ. டெக் எப்போதும் ஈரமாக இருப்பதால் செருப்பு வழுக்கும்.

கே: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன வழி? ஊரிலிருந்து பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாமா? (கும்பகோணம் வாசகி)

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் முட்டை சாண்ட்விச் வரும். ‘இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம், பால் சரி’ என்று பிரித்து எழுதி, இரண்டு நாள் முன்னால் மறுபடி நினைவூட்டுங்கள். மில்ஃபோர்டில் போய்க் கடை தேடலாம் என்று நினைக்காதீர்கள். தே அனாவ் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. முதல்நாள் இரவு அறையில் புளிசாதம் கிளறிக்கொண்டால் இன்னும் நல்லது.

விமான நிலையத்தில் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் பயணி அறிவிப்பில் ‘ஆம்’ என்று குறிப்பிடுங்கள். அறிவித்துவிட்டால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், இல்லையென்றால் அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்து அகப்பட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், பழம், முளைவிடும் விதை எதுவும் வேண்டாம். ஷூ அடியில் மண் ஒட்டியிருந்தாலும் கேட்பார்கள், கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

கே: சாண்ட்ஃபிளை என்று பயமுறுத்துகிறார்களே? (திருநெல்வேலி வாசகர்)

பயம் நியாயமானது. கொசுவைவிடச் சின்னக் கருப்பு ஈ, பகலில் கடிக்கும், கணுக்காலைத்தான் முதலில் தேடும். நோய் பரப்பாது, ஆனால் அரிப்பு நாட்கணக்கில் நீடிக்கும். ஓடும் படகிலும் நல்ல காற்றிலும் தொல்லை இல்லை. துறையிலும் வழி நிறுத்தங்களிலும் மொய்க்கும். டீட் அல்லது பிக்காரிடின் உள்ள பூச்சிவிரட்டி மருந்தைக் கணுக்கால், மணிக்கட்டு, கழுத்தில் தடவுங்கள். சாக்ஸைக் கால்சட்டைமேல் இழுத்துவிடுங்கள். வேன் கதவைத் திறந்துபோட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

கே: கூட்டமே வேண்டாம் என்றால் டவுட்ஃபுல் சவுண்ட் போகலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

போகலாம். மில்ஃபோர்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளம், சுமார் 40 கி.மீ. மானபூரி ஏரியைப் படகில் கடந்து, சுமார் 670 மீட்டர் உயர வில்மட் கணவாயைப் பேருந்தில் ஏறி இறங்கி, மறுபடி ஃபியோர்டில் படகு. காரில் நேரே போக வழியில்லாததால்தான் அங்கே அமைதி. சுவர்கள் மில்ஃபோர்டு அளவுக்குத் தலைக்குமேல் நிமிர்ந்து நிற்காது. பரப்பும் கிளைகளும் அதிகம். முதல்முறை போகிறவர், அதுவும் ஒரே நாள்தான் உண்டு என்றால், மில்ஃபோர்டு. இரண்டு நாள் இருந்தால் இரண்டாவது நாளை இதற்குக் கொடுங்கள். உங்கள் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். மின்னணுப் பயண அனுமதியும், அதோடு 2024 அக்டோபரிலிருந்து 100 நியூசிலாந்து டாலராக இருக்கும் சுற்றுலாத் தீர்வையும் கட்ட வேண்டும். இந்திய பாஸ்போர்ட் என்றால் விசாவும் தேவை, தீர்வை விசாக் கட்டணத்தோடு சேர்ந்தே வரும்.

கே: படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்ல படம் கிடைக்கும்? (சேலம் வாசகர்)

உட்காராமல் இருந்தால் கிடைக்கும். பெரும்பாலான படகுகள் போகும்போது மைட்டர் சிகரம் உள்ள தெற்குச் சுவரை ஒட்டியும், திரும்பும்போது சீல் பாறை, ஸ்டர்லிங் அருவி, போவன் அருவி உள்ள வடக்குச் சுவரை ஒட்டியும் வரும். அந்தப் பாறையில் படுத்திருப்பவை ஃபர் சீல் என்னும் கடல் விலங்குகள். டால்ஃபின் வருவது அதிர்ஷ்டம். போகும்போது இடது, திரும்பும்போதும் பெரும்பாலும் இடது பக்கத்துக் கம்பியருகே நில்லுங்கள். சிகரத்தை முழுசாகப் பிடிக்கப் படகைவிடக் கரைதான் நல்லது. ஏறுவதற்கு இருபது நிமிடம் முன்பே வரச் சொல்வார்கள், அதற்கும் கால் மணி முன்னால் வந்து கரையோரம் நின்று எடுத்துவிடுங்கள். சாலையோரத்தில் கியா கிளி வந்தால் பையை மூடுங்கள், தீனி போடாதீர்கள், வேன் ஜன்னலின் ரப்பரை அது உரிக்கத் தொடங்கினால் ஓட்டுநரிடம் உடனே சொல்லுங்கள்.