ராவிய இரும்பும் லாக் டேபிளும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மறைந்தபோது நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டெக்னிக்கல் ஸ்கூலில் படித்தவர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அது நம்ம ஊர் ஐடிஐ மாதிரியா? படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கைத்தொழிலுக்கு அனுப்புவார்களே, அந்த இடம்தானா? நானும் ஐடிஐ ஃபிட்டர், அதனால்தான் கேட்கிறேன்.

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

படிப்பு ஏறாதவர்களுக்கான இடம் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமைதியான அந்த மனிதரைக் கோபப்படுத்திய பேச்சு இது ஒன்றுதான்.

1944 கல்விச் சட்டம் வந்த பிறகு இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இடைநிலைக் கல்வி எல்லோருக்கும் இலவசம் ஆனது. ஏட்டுப் படிப்புக்குக் கிராமர் ஸ்கூல், தொழில்நுட்பத்துக்கு டெக்னிக்கல் ஸ்கூல், மற்றவர்களுக்குச் செகண்டரி மாடர்ன் என்று மூன்று வகைப் பள்ளிகள் வேண்டும் என்பது அப்போதைய எண்ணம். யார் எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கப் பதினோரு வயதில் லெவன் பிளஸ் என்று ஒரு பரீட்சை. பெரியவர் 1946இல் அதில் தேறவில்லை. இரண்டு நாள் அம்மா அவரிடம் பேசவில்லையாம். ஆனால் டெக்னிக்கல் ஸ்கூல்கள் பலவற்றில் பதின்மூன்று வயதிலும் சேரலாம், போருக்கு முந்தைய ஜூனியர் டெக்னிக்கல் பள்ளிகளிலிருந்து வந்த வழக்கம் அது, அப்படி 1948இல் சேர்ந்தார்.

பள்ளிக்குத் தனிக் கட்டடம் இல்லை. டெக்னிக்கல் காலேஜ் பட்டறையில் பகலில் இந்தப் பையன்கள், ராத்திரி ஆலைத் தொழிலாளர்கள். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் எல்லாம் பெரியவர்கள் உயரத்துக்கு இருந்ததால் பையன்கள் மரப்பெட்டி மேல் ஏறி நிற்பார்களாம். மிட்டாய்க்குக்கூட ரேஷன் இருந்த காலம், அது 1953 வரை நீடித்தது.

முதல் வேலை ஒரு மைல்ட் ஸ்டீல், அதாவது மென்மையான எஃகுத் துண்டைச் சதுரமாக்குவது. லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் பக்கமே போகக்கூடாது, அரம் மட்டும்தான். ராவ வேண்டும், மூலைமட்டத்தை வைக்க வேண்டும், ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி வைஸுக்குப் போக வேண்டும். வாத்தியார் ஒரு வார்த்தை பேசாமல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. இவருக்கு ஆறு வாரம் ஆனது.

அப்புறம்தான் லேத். ஒரு முனை சிறுத்துப் போகும் டேப்பர் வடிவத்தைக் கடைய, வெட்டும் உளியைத் தாங்கும் ஸ்லைடை எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று லாக் டேபிளை, அதாவது மடக்கை அட்டவணையைப் பார்த்து அவர்களே கணக்குப் போட வேண்டும், தப்பினால் துண்டு ஸ்கிராப் பெட்டிக்குப் போகும். மறு பீரியட் கணக்கு வகுப்பில் வாத்தியார் கோணக் கணக்கின் டேன்ஜென்ட் என்று கரும்பலகையில் எழுதும்போது அது என்னவென்று கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஐடிஐக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஐடிஐ, பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஒரு டிரேடைக் கற்றுக்கொள்ளும் இடம். இதுவோ முழுப் பள்ளிக்கூடமே. ஆங்கிலமும் வரலாறும் அறிவியலும் உண்டு, பட்டறையும் டிராயிங் போர்டும் அவற்றுக்குச் சமமாக நின்றன. பதினாறு வயதில் அப்ரென்டிஸ், வாரத்தில் ஒரு நாள் காலேஜ், போதாததற்கு இரவு வகுப்பு என்று படித்து, லெவன் பிளஸ்ஸில் தோற்ற அந்தப் பையன் மெஷின் டூல் டிசைனராகத்தான் ஓய்வு பெற்றார்.

இவ்வளவு நல்ல பள்ளி ஏன் பரவவில்லை என்று கேட்பீர்கள். பணம்தான் முதல் காரணம். நாற்பது பெஞ்சு போட்டால் ஒரு வகுப்பறை ஆகிவிடும், லேத்தும் உலையும் அப்படி வராது. தொழில் தெரிந்த வாத்தியார்களுக்கு ஆலையில் கூடுதல் சம்பளம். பெற்றோருக்கோ கிராமர் ஸ்கூல்தான் கௌரவம். நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பள்ளி கிடைக்கவில்லை. 1965க்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே பள்ளி என்ற காம்ப்ரிஹென்சிவ் முறை பரவியபோது மிச்சமிருந்தவையும் பெரும்பாலும் அதில் கரைந்துவிட்டன. பதினோரு வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது எனக்கும் ஒப்பாதது, அதை ஒழித்தது சரி. ஆனால் பட்டறையையும் சேர்த்து விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெண்களுக்கான டெக்னிக்கல் பள்ளிகளில் பெரும்பாலும் தையலும் டைப்பிங்கும்தான். அண்ணனைவிடக் கை சுத்தம் என்று பெயரெடுத்த அவர் தங்கை அரத்தைத் தொட்டதே வீட்டில்தான்.

அவர் பள்ளியில் செய்த ஸ்கிரைபர், இரும்பில் கோடு கீறும் கூர்முனைக் கருவி, இப்போது என்னிடம் இருக்கிறது, மகள் கொடுத்தார். கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து, மினுக்கி, மறுபடி மெதுவாகச் சூடேற்றும்போது நிறம் ஊர்ந்து வரும். வெளிறிய வைக்கோல் நிறம் நுனிக்கு வந்ததும் சட்டென்று தண்ணீரில் போட வேண்டும், கொஞ்சம் அசந்தால் பழுப்பாகி ஊதாவாகி நுனி மெத்தென்று போய்விடும். மூன்றாவது தடவைதான் பதம் வந்ததாம்.

உங்கள் ஐடிஐயில் முதல் துண்டை எத்தனை நாள் ராவ வைத்தார்கள்? அவசியம் எழுதுங்கள்.