தங்கத் துகள் பூசியும் டோபமைன் உச்சம் பிரியவில்லையே?

கேள்வி: கண்ணாடிக் கார்பன் மின்முனையில் தங்க நானோ துகள் பூசி, மூளையின் வேதித் தூதரான டோபமைனை மின்வேதி முறையில் அளக்கிறேன். பஃபரில் (பிஎச் எளிதில் மாறாத கரைசலில்) தனியாக அளந்தால் மின்னோட்ட வரைபடத்தில் அதன் உச்சம் நன்றாக வருகிறது. அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி) சேர்த்ததும் இரண்டின் உச்சமும் ஒன்றாகி, மின்னோட்டமும் கூடிவிடுகிறது. திரும்பத் திரும்ப ஓட்டினால் உச்சம் குறைந்துகொண்டே போகிறது. துகள்களை இன்னும் அதிகமாகப் பூசலாமா?

பதில்: வேண்டாம். துகள் கூடினால் பரப்பு கூடும், பின்னணி மின்னோட்டமும் சேர்ந்து கூடும். உங்கள் சிக்கல் பரப்பில் இல்லை, மேற்பரப்பின் மின்னேற்றத்தில் இருக்கிறது.

பிஎச் 7.4-இல் டோபமைன் நேர்மின் அயனி. அஸ்கார்பிக் அமிலத்தின் அயனி வடிவமான அஸ்கார்பேட்டும், உடல் திரவங்களில் இருக்கும் யூரேட்டும் எதிர்மின் அயனிகள். சிட்ரேட் கொண்டு தயாரித்த தங்கத் துகள்கள் எதிர்மின் தன்மை உள்ளவை என்பதால் டோபமைனை ஓரளவு இழுக்கும், அஸ்கார்பேட்டை ஓரளவு விலக்கும். ஆனால் அந்த விலக்கு விசை மட்டும் அஸ்கார்பேட்டைத் தடுக்கப் போதாது. மேலே நாஃபியான் என்ற பாலிமரை மெல்லிய படலமாக ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள். அதிலுள்ள சல்ஃபோனேட் தொகுதிகள் எதிர்மின் அயனிகளை நன்றாகவே தள்ளிவைக்கும். கனமாகப் பூசினால் டோபமைனும் உள்ளே வரத் தாமதமாகும், கவனம். துகள்களை சிடிஏபி என்ற, சோப்பு போன்ற நேர்மின் பொருளைப் போட்டுத் தயாரித்திருந்தால் கதையே வேறு. அந்த நேர்மின் பூச்சு அஸ்கார்பேட்டைத்தான் இழுக்கும்.

மின்னோட்டம் கூடுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டோபமைன் 2 எலக்ட்ரான்களை இழந்து குயினோனாக மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் அஸ்கார்பேட் அதை மறுபடி டோபமைனாக ஒடுக்கிவிடுகிறது. அதே மூலக்கூறு மீண்டும் ஆக்சிஜனேற்றம் அடைவதால், ஒன்றையே பலமுறை எண்ணுகிறீர்கள். அதனால் வெறும் பஃபரில் போட்ட அளவுத்திருத்தக் கோட்டை (எந்தச் செறிவுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டும் கோட்டை) வைத்துக் கணக்கிட்டால் விடை தப்பாக, அதிகமாகத்தான் வரும். மாதிரியில் இருக்கக்கூடிய அளவு அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்தே கோட்டைப் போடுங்கள். மூளையின் செல்வெளித் திரவத்தில் அஸ்கார்பேட் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார், டோபமைனோ நானோமோலார் அளவில்தான். இரண்டையும் சம அளவில் கலந்து ‘பிரிந்துவிட்டது’ என்று சொல்வது என்னைப் பொறுத்தவரை சோதனையே அல்ல. அளவிட, மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளோடு ஏற்றும் டிஃபரென்ஷியல் பல்ஸ் முறையைப் பயன்படுத்துங்கள். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சைக்ளிக் முறை வினையைப் புரிந்துகொள்ள மட்டும் போதும்.

அப்புறம், உச்சம் சரிவது. குயினோனின் பக்கச் சங்கிலியில் உள்ள அமீன் வளைந்து வளையமாகி, பிறகு பாலிமராகி மின்முனையில் படிகிறது. மேல் மின்னழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் வெறும் பஃபரில் சில சுற்று ஓட்டிப் பாருங்கள். அப்படியும் மீளாவிட்டால், அலுமினாவில் மெருகேற்றிப் புதிதாகப் பூசுவதுதான் வழி. மெருகேற்றும்போது தங்கமும் போய்விடும். குற்றம் மின்முனையிடம் இல்லாமலும் இருக்கலாம்: நடுநிலைப் பஃபரில் டோபமைன் காற்றுப் பட்டே கெட்டு நிறம் மாறும். இருப்புக் கரைசலை 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில் தயாரித்து, குளிரில், வெளிச்சம் படாமல் வைத்து, அளக்கும் நேரத்தில் நீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தங்கம் இல்லாமல் நாஃபியான் மட்டும் பூசிய மின்முனையிலும் இதே கலவையை ஓட்டுங்கள். அதிலும் இதே பிரிவும் இதே உணர்திறனும் கிடைத்தால், அந்தத் துகள்களைத் தயாரிக்கும் சிரமமே உங்களுக்குத் தேவையில்லை.