வாழைப்பழத்தில் மொய்க்கும் குட்டி ஈ எந்த இனம் என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா என்று ஒரு படத்தைப் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

சிலவற்றைச் சொல்லிவிடலாம். பலவற்றைச் சொல்ல முடியாது, படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் கறுத்த வாழைப்பழம் ஒன்றைத் தட்டில் வைத்து, இந்த ஈக்களை நான்கு வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். அப்பத்தாவுக்கு எல்லாமே 'பழ ஈ'தான். ஆனால் தோட்டக்காரர்கள் சொல்லும் பழ ஈ (பாக்ட்ரோசெரா) வேறு. அது வீட்டு ஈயளவு இருக்கும், கெடாத மாங்காயிலும் கொய்யாவிலும் தோலைத் துளைத்து முட்டையிடும். நீங்கள் கேட்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள டிரோசோபிலாவும் அதன் உறவு ஈக்களும் சேர்ந்த கூட்டம். பழம் புளிக்க ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலும் வரும்.

இந்தக் கூட்டத்தில் படத்திலேயே பிடிபடுவது சாப்ரியோனஸ் இண்டியானஸ் என்ற இனம். செம்பழுப்பு உடம்பு. நெற்றியிலிருந்து முதுகு முடிய, விபூதியைச் சுண்டுவிரலால் இழுத்துவிட்டது போல வெள்ளிக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் கறுப்புக் கரை. முதல் தடவை திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அத்தனை அழகு. 1970இல் குப்தா என்ற ஆய்வாளர் இந்தியாவிலிருந்து விவரித்ததால் பெயரில் இந்தியா இருக்கிறது, பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஃபிளாஷ் நேராக அடித்தால் அந்தக் கறுப்புக் கரை வெளுத்துவிடும், முற்றத்து வெளிச்சமே போதும்.

மற்ற மஞ்சள் ஈக்கள்தான் சிக்கல். மெலனோகாஸ்டர் என்ற டிரோசோபிலா இனத்தின் ஆணுக்கு வயிற்று நுனி கறுப்பு. முன்காலில் ஒரே ஒரு கரும்புள்ளி மாதிரி சின்னச் சீப்பு (தடித்த கறுப்பு முடிகளின் வரிசை) இருக்கும். தென்னிந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் அனனாசே என்ற இனத்தின் ஆணுக்கு வயிற்று நுனி அப்படிக் கறுத்திருக்காது, சீப்பும் காலின் கணுக்களில் வரிசை வரிசையாக இருக்கும். பெண் ஈ என்றால் நான் இனப்பெயரே சொல்ல மாட்டேன். மெலனோகாஸ்டரையும் அதைப் போலவே இருக்கும் சிமுலன்ஸையும் 1919இல்தான் அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்ட்டிவண்ட் தனித்தனி இனமென்று பிரித்தார். ஆண்களை இனவுறுப்பின் தகடு பார்த்துப் பிரிக்கலாம், பெண்கள் வெளிப்பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

ஆரம்பத்தில் நானே ஏழெட்டுப் படத்துக்கு 'மெலனோகாஸ்டர்' என்று பெயர் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டேன். பூச்சி ஆய்வாளர் ஒருவர், "ஆண் ஈ எதில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்தால் அத்தனையும் பெண். அன்றே பெயரை அழித்து 'டிரோசோபிலா' என்று மட்டும் மாற்றினேன். தப்பான பெயரை நம்பி இன்னொருவர் பரவல் வரைபடம் போட்டுவிடக் கூடாது.

உங்கள் படம் மேலிருந்து எடுத்தது, இறக்கை மூடி வயிறு தெரியவில்லை. ஈயைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஐந்து நிமிடம் பனிக்கட்டி மேல் வையுங்கள், மயங்கிக் கிடக்கும், சாகாது. வெள்ளைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பக்கவாட்டில் ஒன்று, முன்கால் தெரிய ஒன்று எடுங்கள். பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல் மேல் நேரடியாக வேண்டாம், பூவேலையில் ஈ தொலைந்துவிடும். அப்புறம் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.