வயதான பூனைக்குச் சர்க்கரையும் சிறுநீரக நோயும்: எந்த உணவு, எந்த ஊசி?

பதிமூன்று வயதுப் பூனைக்கு இரண்டு நோயும் சேர்ந்து வந்திருக்கிறது, என்ன உணவு கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். சர்க்கரைக்கு மாவுச்சத்து குறைந்த, புரதம் மிகுந்த உணவு நல்லது. சிறுநீரகத்துக்கோ பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும், புரதத்தையும் மட்டுப்படுத்த வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு முற்றியிருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் அதற்கான உணவையே சொல்வார்கள். ஏறும் சர்க்கரையை இன்சுலினால் சமாளிக்கலாம். உலர் உணவைவிட ஈர உணவு மேல். பால்சோறும் கருவாடும் வேண்டாம், எவ்வளவு கத்தினாலும்.

உணவைவிட எனக்குப் பயம் சிரிஞ்சில்தான். நம் மருந்துக் கடைகளில் சிவப்பு மூடி போட்ட யு-40 (ஒரு மில்லியில் 40 யூனிட் இன்சுலினுக்கானது), ஆரஞ்சு மூடி போட்ட யு-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) என இரண்டு வகை கிடைக்கும். கிளார்ஜின் என்ற இன்சுலின் வகை வழக்கமாக யு-100. அதை யு-40 சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் இரண்டரை யூனிட் உள்ளே போய்விடும். புட்டியிலும் சிரிஞ்சிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. சாப்பிட மறுத்தால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். தள்ளாடினாலோ துவண்டாலோ சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம்; ஈறில் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கலாம். ஒத்துவந்த அளவே பிறகு அதிகமாகிவிடலாம். தண்ணீர் குடிப்பதை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது, இரண்டு நோயிலுமே தாகம் கூடும். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.