மிக்-21 எஞ்சின் ஃபிட்டரைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: விமானப்படையில் மிக்-21 போர் விமான ஸ்குவாட்ரனில் (படைப்பிரிவில்) என்னோடு வேலை பார்த்த எஞ்சின் ஃபிட்டர் நண்பர் அண்மையில் காலமானார். முதலாண்டு நினைவு நாளில் அவரைப் பற்றி ஒரு சிறு நினைவு மலர் அச்சிட்டுக் கொண்டுவர ஆசை. எழுத உட்கார்ந்தால் ‘நல்லவர், கடமை தவறாதவர்’ என்பதைத் தாண்ட முடியவில்லை. அப்பா ‘பிளேன் ரிப்பேர்’ பார்த்தார் என்பதற்கு மேல் அவர் பிள்ளைகளுக்கும் தெரியாது. வழி சொல்லுங்கள் ஐயா.
– ஓய்வுபெற்ற சார்ஜென்ட், கோவை மாவட்டம்

பதில்: நண்பரை இழந்த உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். ‘கடமை தவறாதவர்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்தக் கடமை என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரே ஒரு எஞ்சின் மாற்றத்தை முழுதாக எழுதினாலே பாதி மலர் நிறைந்துவிடும். மிக்-21இல் இறக்கைக்குப் பின்னால் உடற்பகுதி இரண்டாகப் பிரியும். அந்த இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றி, வால் பகுதி முழுவதையும் டிராலியில் பின்னுக்கு இழுத்த பிறகே எஞ்சின் வெளியே வரும். அதற்கு முன் வாலுக்குப் போகும் கட்டுப்பாட்டுத் தண்டுகள், ஹைட்ராலிக் குழாய்கள், மின் இணைப்புகள் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஏர்ஃபிரேம் (விமான உடற்பகுதி), எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள் சுற்றி நிற்க, உங்கள் நண்பர் எந்தப் பக்கம் நிற்பார், எதைத் தன் கையாலேயே செய்வார் என்று எழுதுங்கள்.

திரும்பப் பூட்டும் வேலையில்தான் ஒருவரின் குணம் தெரியும். நட்டு கழலாதிருக்கக் கட்டும் கம்பியான லாக்கிங் வயர் நட்டை இறுகும் திசையில் இழுத்துப் பிடிக்க வேண்டும். மாற்றி முறுக்கினால் அதிர்வில் நட்டு தளரும்போது அது தடுக்காது. திறந்த குழாய் வாய்களுக்குப் போட்ட மூடிகளை எண்ணி எடுக்க வேண்டும். கடைசியில் டூல் கணக்கு. ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் பறக்காது. உள்ளே கிடந்தால் கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கலாம், காற்றோடு இழுபட்டு எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்பிரசரின் பிளேடை உடைக்கலாம். பிறகு கசிவுச் சோதனை, தரையிலேயே எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் கிரவுண்ட் ரன். அதன்பின் விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700இல் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் விமானி தன் கையெழுத்தைப் போட்டுக் காக்பிட்டில் ஏறுகிறார். பிள்ளைகளுக்கு இதை விளக்கமாகவே சொல்லுங்கள். ஒரு டெக்னீஷியனின் வாழ்நாள் பொறுப்பு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கூட வேலை செய்தவர்களுக்கு இப்போதே போன் செய்யுங்கள், அவர்களுக்கும் வயதாகிறது. ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். இரவில் ஸ்னாக் (விமானத்தில் கோளாறு) வந்தால் முதலில் எங்கே கை வைப்பார், கையெழுத்துப் போட மறுத்த நாள் உண்டா, புதிதாக வந்த பையன்களுக்கு எதைத் திரும்பத் திரும்பச் சொல்வார் என்று கேளுங்கள். போனை ரெக்கார்டில் போடலாம், அனுமதி கேட்டுவிட்டு.

பிழைகள் வழக்கமாக நுழைவது விமான ரகத்திலும் பதவியிலும். மிக்-21 என்று மட்டும் எழுதினால் போதாது: எஃப்எல் ரகத்தில் ஆர்-11 எஞ்சின், பிஸ் ரகத்தில் ஆர்-25. எஃப்எல் 2013 டிசம்பரில் விடைபெற்றது. பிஸ் ரகத்தை மேம்படுத்திய பைசன்களில் கடைசியானவை 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. கார்ப்பரல், சார்ஜென்ட், ஜூனியர் வாரண்ட் ஆபீசர் என்ற வரிசை மாறக்கூடாது. டிஸ்சார்ஜ் புத்தகத்தை வீட்டில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். ஆனால் அவருடைய சர்வீஸ் எண், பென்ஷன் ஆணை எண் இரண்டையும் அச்சில் போடாதீர்கள். மோசடிக்காரர்களுக்கு அவை போதும்.

பழைய ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்க வேண்டாம், முகம் கிழிந்துவிடும். பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். யார் எங்கே நிற்கிறார் என்பதை இடமிருந்து வலமாக உடனே எழுதிவையுங்கள்.

படை நகர்வு, ஆயுதப் பொருத்தம், தளத்தின் உள்ளமைப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஓய்வுபெற்ற பிறகும் 1923ஆம் ஆண்டின் அரசு இரகசியச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சந்தேகமான பத்தி இருந்தால் எடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் முழுப் பிரதியையும் அவர் மனைவியிடம் கொடுத்து, அவர் வேண்டாம் என்று சொல்வதை நீக்கிவிடுங்கள்.