நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் விழா: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸில் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஜாஸ் விழாவுக்குப் போக நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் விழாவின் விளம்பரத்தைப் பார்த்தேன். பெரிய எழுத்தில் இருப்பவர்களில் பலர் ராக், பாப் பாடகர்கள். ஜாஸ் கேட்பதற்காகவே போகிறவருக்கு இது ஏற்ற விழாதானா? (வாசகர், சென்னை)

பதில்: ஏற்ற விழாதான். ஆனால் விளம்பரத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். 1970-ல் காங்கோ சதுக்கத்தில் சிறிய அளவில் தொடங்கிய இந்த விழா, 1972 முதல் ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் நடக்கிறது. ஜாஸ் மட்டுமல்ல, காஸ்பல், புளூஸ், கேஜன், ஸைடெகோ, பிராஸ் பேண்டு என்று லூசியானாவின் இசை எல்லாமே இதில் அடக்கம். பெரிய எழுத்துப் பெயர்கள் திறந்தவெளி மேடைகளில் மாலைக் கடைசி நிகழ்ச்சிக்கு வருபவர்கள். கூட்டம் அவர்களுக்காக வருகிறது. ஜாஸ் ரசிகர் அந்தப் பக்கம் போகாமலே முழு நாளையும் கழிக்கலாம்.

உங்களுக்கான இடங்கள் இரண்டு கூடாரங்கள். உள்ளூர் வானொலியான டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். பெயரிலுள்ள ஜாஸ் டென்ட்டில் பெரும்பாலும் நவீன ஜாஸ்; எகானமி ஹால் டென்ட்டில் நியூ ஆர்லியன்ஸின் பழைய பாணி. தொடக்ககால ஜாஸ் ஒலித்த ட்ரெமே வட்டாரத்து மண்டபம் ஒன்றின் பெயரைத்தான் அந்தக் கூடாரத்துக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் நிழல் உண்டு, நாற்காலி உண்டு. காலை 11 மணிக்குத் திடல் திறந்ததும் உள்ளூர்க் குழுக்கள் தொடங்கிவிடும். இந்த விழாவின் சாரம் இருப்பது அந்தக் காலை நேரத்தில்தான். இரவு ஒரு மணி வரை கிளப்பில் வாசித்த கலைஞர்கள் மறுநாள் நண்பகலில் நூறு பேர் முன்னால் வந்து நிற்பார்கள். அவர்களை அவ்வளவு அருகில் கேட்கும் வாய்ப்பு மாலையில் கிடைக்காது.

விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு 'கியூப்ஸ்' எனப்படும் நாள்வாரி, மேடைவாரி அட்டவணை வெளியாகும். அதில் குழுத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். யார் டிரம்ஸ், யார் பேஸ் (கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியம்) என்பதைக் கலைஞர்களின் பக்கங்களில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஜாஸில் குழுவின் தரத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது அந்த இருவர்தான்.

இடம் பிடிக்க ஒரு வழி உண்டு. கடைசி நிகழ்ச்சிக்கு நல்ல இருக்கை வேண்டுமென்றால், அதற்கு முந்தைய நிகழ்ச்சி முடியும்போதே கூடாரத்துக்குள் இருங்கள். ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவேளையில் நிறையப் பேர் எழுந்து போவார்கள். இருக்கை காலியாவது அப்போதுதான். நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் கூடாரத்தின் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். முதல் வரிசைக்கு ஆசைப்படாதீர்கள். அங்கே ஒலிபெருக்கிக்குக் கீழோ பக்கவாட்டிலோ சிக்கிக்கொள்வீர்கள்; டிரம்ஸ் நேராகக் காதில் விழும், பியானோ கேட்காது. நடுவரிசையில், மேடைக்கு நேர் எதிரே, ஒலிக்கலவைப் பலகைக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதே சரியான இடம். கூடாரத்தின் ஓரங்களிலும் பின்பகுதியிலும் பக்கத்து மேடைகளின் சத்தம் உள்ளே வரும். மெல்லிய பேஸ் சோலோ (தனி வாசிப்பு) நடக்கும்போது அது மிகவும் தொந்தரவு.

கேள்வி: இந்தியாவிலிருந்து போவதற்கு எவ்வளவு முன்னதாக ஏற்பாடு செய்ய வேண்டும்? இரண்டு வாரமும் இருக்க வேண்டுமா? (வாசகி, கோவை)

பதில்: முதலில் விசா. நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், கையில் விசா இல்லாமல் விழா டிக்கெட் வாங்க வேண்டாம். மழை பெய்தாலும் விழா நடக்கும். டிக்கெட் பணம் திரும்ப வராது.

விழா இரண்டு பகுதியாக நடக்கும்: ஏப்ரல் கடைசி வார இறுதி, மே முதல் வார இறுதி, இரண்டும் வியாழன் முதல் ஞாயிறு வரை. ஒரு நாள் டிக்கெட் சுமார் 100 டாலர். முன்கூட்டி வாங்கினால் வாசல் விலையைவிடக் குறைவு. முதல் தடவை போகிறவருக்கு ஒரு பகுதியில் இரண்டு நாள் திடலும், நடுவிலுள்ள திங்கள் முதல் புதன் வரை ஊருக்குள் கிளப்புகளும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வெளியூர்க் கலைஞர்களும் ஊரில் இருக்கும் நேரம் என்பதால், அந்த இடைநாட்களில் கிளப்புகளில் அபூர்வமான சேர்க்கைகள் அமையும். விழா நாட்களில் விடுதி வாடகை பல மடங்கு ஏறும். இடைநாட்களை மையமாக வைத்துத் தங்கினால் செலவும் குறையும்.

செலவு மிகவும் இடித்தால், ஏப்ரல் நடுவில் நடக்கும் ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் விழாவைப் பாருங்கள். 1984-ல் தொடங்கியது, அனுமதி இலவசம். மேடையேறுபவர்கள் லூசியானாக் கலைஞர்கள். ஜாஸ் மட்டுமே நோக்கம் என்றால் பெரிய விழாவைவிட இதையே முதலில் சொல்வோம்.

கேள்வி: திடலுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்? (வாசகர், மதுரை)

பதில்: தொப்பி, சன்ஸ்கிரீன், மூடிய காலணி, மெல்லிய மழைச்சட்டை, முத்திரை உடைக்காத தண்ணீர் பாட்டில். பை அளவு, நாற்காலி பற்றிய விதிகள் மாறக்கூடியவை; கிளம்பும் வாரத்தில் விழாவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளே உணவு, பானம் வாங்க கடன் அட்டையோ டெபிட் அட்டையோ அவசியம்.

வெயில் 30 டிகிரியைத் தொடும். சென்னைக்காரருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஏழெட்டு மணி நேரம் திறந்த புல்வெளியில், ஈரப்பதத்தில் நிற்பது வேறு. மயக்கம் வருவது பெரும்பாலும் பிற்பகல் 2-லிருந்து 4-க்குள். அந்த நேரத்தில் திடலின் கிராண்ட்ஸ்டாண்ட் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். குளிர்சாதனமும் ஒழுங்கான கழிப்பறையும் உண்டு. அங்கேயே இருக்கும் ஆலிசன் மைனர் மேடையில் கலைஞர்களை உட்காரவைத்து நேர்காணல் செய்கிறார்கள். ஓய்வுக்குப் போகிற இடத்தில் நல்ல பாடமே கிடைக்கும்.

மழை பெய்தால் திடல் சேறாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் போட்டு வருவது அதனால்தான். துணிக் காலணி ஒரே நாளில் பாழாகும்.

போக்குவரத்துக்குச் சொந்தக் கார் வேண்டாம். ஊர் நடுவிலிருந்து ஜாஸ் ஃபெஸ்ட் எக்ஸ்பிரஸ் பேருந்து நேராகத் திடலுக்குப் போகிறது. கனால் தெருவில் 'சிட்டி பார்க்' என்று பலகை போட்ட டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தும் சேரலாம். மாலை 7 மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியேறுவதால் வாடகைக் கார் கட்டணம் எகிறும். எஸ்பிளனேட் அவென்யூ வழியாக நிழலில் சிறிது தூரம் நடந்துவிட்டுப் பிறகு கூப்பிடுங்கள்.

கேள்வி: கர்நாடக இசை கேட்டு வளர்ந்தேன். ஜாஸில் எதைத் தொடர்வது, எங்கே கைதட்டுவது என்று பிடிபடவில்லை. மடியில் தாளம் போட்டாலும் ஏதோ ஒட்டாமலே இருக்கிறது. (வாசகி, திருச்சி)

பதில்: தாளம் போடும் பழக்கத்தை விட வேண்டாம், அழுத்தம் விழும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். நம் கை முதல் அட்சரத்தில் விழுந்து பழகியது. ஜாஸில் நான்கு அட்சரம் ஒரு 'பார்'. அழுத்தம் இரண்டிலும் நான்கிலும். டிரம்ஸ் வாசிப்பவரின் இடது காலைப் பாருங்கள். ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு 'ச்சிக்' என்று மூடிக்கொள்வது 2-லும் 4-லும்தான். கையை அதோடு சேர்த்தால் ஒட்டாமல் இருந்தது ஒட்டிக்கொள்ளும். 1-லும் 3-லும் தட்டினால் வாத்தியக்காரர்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சல். நியூ ஆர்லியன்ஸ்காரரான ஹாரி கானிக் ஜூனியர் பிரான்சில் வாசித்தபோது கூட்டம் முழுவதும் 1, 3-ல் தட்டியது. அவர் பியானோவில் ஒரே ஒரு அட்சரத்தைக் கூடுதலாக நுழைத்தார். கூட்டம் தனக்குத் தெரியாமலே 2, 4-க்கு மாறிவிட்டது.

அடுத்து, வடிவம். பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் கொண்டவை. எட்டு எட்டாக நான்கு பகுதி. முதலாவது, இரண்டாவது, நான்காவது ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. அந்த மூன்றாவதைப் 'பிரிட்ஜ்' என்கிறார்கள். இப்படி 128 அட்சரம் கொண்ட ஒரு சுற்று 'கோரஸ்'. குழு முதலில் மெட்டை ஒரு சுற்று வாசிக்கும். பிறகு சாக்ஸஃபோனோ ட்ரம்பெட்டோ, பியானோ, பேஸ் என்று ஒவ்வொருவரும் அதே சுற்றின் மேல் கற்பனையாக வாசிப்பார்கள். மெட்டு கேட்காது, சுற்று மட்டும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோலோ நடக்கும்போது மூல மெட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே இருங்கள். வழி தவறினால் பிரிட்ஜ் வரும்வரை காத்திருங்கள். சுரக்கூட்டங்களின் நிறம் சட்டென்று மாறுவது காதுக்கே தெரியும். அதிலிருந்து எட்டு பார் கழித்து கடைசிப் பகுதி. புளூஸ் வடிவம் இதைவிட எளிது. 12 பார், 48 அட்சரம்.

கைதட்டல் ஒவ்வொரு சோலோவும் முடிந்ததும். அடுத்தவர் உடனே தொடங்கிவிடுவார் என்பதால் சுருக்கமாகத் தட்டி நிறுத்துங்கள். மெதுவான பாட்டுகளில் முழுதும் முடியும்வரை பொறுப்பது நல்லது. பேஸ் சோலோ வரும்போது மற்ற வாத்தியங்கள் அடங்கிவிடும். இடைவேளை என்று நினைத்துப் பேசத் தொடங்குவது விழாக் கூட்டத்தில் அடிக்கடி காணும் பிழை. உண்மையில் அதுதான் மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். கடைசியில் டிரம்ஸும் மற்றவர்களும் நான்கு நான்கு பாராக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைத்துக்கொண்டே பதில் சொல்வதைக் கேட்டவருக்கு இதில் வழிகாட்டல் தேவையில்லை.

எகானமி ஹால் கூடாரத்துப் பழைய பாணியில் கேட்கும் முறை வேறு. அங்கே மூவர் ஒரே நேரத்தில் கற்பனை செய்வார்கள். ட்ரம்பெட் மெட்டைத் தாங்கும், கிளாரினெட் அதற்கு மேலே பின்னும், ட்ரோம்போன் கீழே இழுத்துக்கொடுக்கும். ஒரு பாட்டை முழுக்கக் கிளாரினெட்டை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். அடுத்த பாட்டில் ட்ரோம்போனை.

கேள்வி: இரவில் எங்கே போவது? கிளப்பில் நடந்துகொள்ளும் முறைகள் என்ன? எங்களோடு பத்து வயதுப் பையனும் வருகிறான். (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: பையனோடு போக முதல் இடம் செயின்ட் பீட்டர் தெருவிலுள்ள ப்ரிசர்வேஷன் ஹால். 1961-ல் தொடங்கியது, எல்லா வயதினரும் வரலாம். சிறிய பழைய அறை, பெஞ்சுகள், ஒலிபெருக்கி இல்லாத வாசிப்பு. ஒரு நிகழ்ச்சி சுமார் 45 நிமிடம். ஒரே மாலையில் பல நிகழ்ச்சிகள். உணவோ மதுவோ விற்பதில்லை, வாசிக்கும்போது படம் எடுக்கக் கூடாது. இருக்கை டிக்கெட் விழா நாட்களில் வெகு முன்னதாகத் தீர்ந்துவிடும். மீதம் இருப்பது நிற்கும் டிக்கெட். அதில் பையனுக்கு மேடை தெரியாது.

பெரியவர்கள் மட்டும் என்றால் ஃப்ரெஞ்ச்மன் தெரு. அங்கே ஸ்னக் ஹார்பர் உட்கார்ந்து கேட்கும் டிக்கெட் அரங்கு. ஸ்பாட்டட் கேட் போன்றவை நின்று கேட்கும் இடங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் இசைக்கலைஞரின் வருமானம் முன்னால் சுற்றி வரும் வாளிதான். ஆளுக்கு ஒரு செட்டுக்கு (குழு இடைவேளை விடாமல் வாசிக்கும் ஒரு பகுதி) 5 முதல் 10 டாலர் போடுவதும், செட்டுக்கு ஒரு பானமாவது வாங்குவதும் முறை. மது வேண்டாம் என்றால் சோடா போதும். சில்லறை நோட்டுகளை மாலையிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மது விற்கும் பல இடங்களில் 21 வயது கட்டாயம் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அன்றன்று யார் எங்கே என்பதை டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். வானொலியின் 'லைவ்வயர்' பட்டியல் சொல்லும். போர்பன் தெருவை ஜாஸுக்காகத் தேடிப் போக வேண்டாம். அங்கே பெரும்பாலும் பிரபல பாட்டுகளை மறுபடி பாடும் குழுக்கள்தான்.

கேள்வி: கச்சேரிச் சத்தத்தில் காது வலிக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். (வாசகர், கொழும்பு)

பதில்: கேலியைப் பொருட்படுத்தாதீர்கள். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிறிய அறையில் பித்தளை வாத்தியங்களின் வாய்க்கு நேரே உட்கார்ந்தால் அந்த அளவு எளிதில் வரும். பஞ்சு போன்ற நுரை அடைப்பான் உயர்சுருதிகளை அதிகமாக வெட்டி, சிம்பலை மங்கலாக்கிவிடும். இசைக்கென்று விற்கும் வடிகட்டி அடைப்பான் எல்லா சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். அதையே வாங்குங்கள்.

கேள்வி: கேட்டதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, சேலம்)

பதில்: கைப்பேசியை உயர்த்திப் பிடித்தால் பின்னால் இருப்பவர் உங்கள் திரையைத்தான் பார்க்க வேண்டும்; ஒலியும் உருப்படியாக வராது. திடலில் நடக்கும் நிகழ்ச்சிகள் பலவற்றை மங்க் மியூசிக் நிறுவனம் முறைப்படி பதிவு செய்து விற்கிறது. பட்டியலில் உங்கள் நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கலைஞருக்கும் பங்கு போகும்.

கேள்வி: டொரோண்டோவில் இருக்கிறோம். நியூ ஆர்லியன்ஸ் தூரம். அருகில் ஏதாவது? (வாசகர், டொரோண்டோ)

பதில்: மொன்றியல் சர்வதேச ஜாஸ் விழா. 1980-ல் தொடங்கியது, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை. உங்கள் ஊரிலிருந்து சுமார் 540 கிலோமீட்டர். திறந்தவெளி நிகழ்ச்சிகள் இலவசம். பிளாஸ் தே ஃபெஸ்டிவால் சதுக்கத்தைச் சுற்றியே பெரும்பாலான மேடைகள். மெட்ரோவில் பிளாஸ்-தெ-ஆர் நிலையத்தில் இறங்கினால் போதும். இரவுப் பெருநிகழ்ச்சிகளுக்குச் சதுக்கம் அடைத்துவிடும் என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். உள்ளரங்குக் கச்சேரிகளுக்குத் தனி டிக்கெட். சிறிய அரங்குகளுக்கான டிக்கெட்டுகளைப் பட்டியல் வெளியான வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.